நெடுந்தீவுக்கு இந்த மாரி எப்பிடி? மாவட்டத்துக்கு ஒரே அறிவிப்பு காணுமோ?

கல்வேலி

வணக்கம் உறவுகளே. புரட்டாதி பாதி கடந்திட்டுது, சோளகம், அதுதான் தென்மேற்குக் காத்து, இன்னும் முழுசா விடேல்ல. நெடுந்தீவில எங்கட பக்கத்துக் கிணறுகள் அடியில கொஞ்சத் தண்ணியோட நிக்குது. காலமை அள்ளினால் திரும்ப ஊறப் பின்னேரம் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்க வேணும். குளங்கள் எல்லாம் வெடிச்சுப் போச்சு. குதிரையள் வத்தின குளத்துக்கு நடுவில நிண்டு சேத்தை மணந்து பாத்திட்டுப் போகுதுகள்.

இந்த முறை மாரி எப்பிடி எண்டு கேக்கத்தான் இந்த இழை. "வடக்கு மாகாணத்தில் சில இடங்களில் 75 மில்லிமீற்றருக்கும் கூடிய மழை" எண்ட பதில் எனக்கு வேண்டாம், அது வானொலியிலயே வருது. பருத்தித்துறையில ஒழுங்கையெல்லாம் வெள்ளம் எண்டு படம் வரும், அதே நாள் இஞ்ச முத்தத்து மண் நனைஞ்சிராது. இன்னொரு நாள் யாழ்ப்பாணத்தில நல்ல வெயில் எண்டு போனில சொல்லுவினம், இஞ்ச மாவிலித்துறையில படகு கட்டேலாமல் கடல் கொந்தளிக்கும்.

யாழ் நகரத்திலயிருந்து நேர்கோட்டில பாத்தாலே 35 கிலோமீற்றருக்கு மேல. நாலு பக்கமும் கடல். நடுவில 50 சதுர கிலோமீற்றர் அளவில ஒரு தட்டைத் தரை. யாழ்ப்பாண நகரத்துப் பக்கம் இருக்கிற திருநெல்வேலியில அளக்கிற மழையை எங்கட மழை எண்டு எப்பிடி எடுக்கிறது? எங்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான்: நெல்லை எப்ப விதைக்கிறது, கூரைப் பீலியையும் தாங்கியையும் எப்ப கழுவி வைக்கிறது, அடுத்த கிழமை கிளினிக்குக்குப் போற ஆளைப் படகில ஏத்தலாமோ. இதுக்குப் பதில் சொல்லுற மாதிரி நெடுந்தீவுக்கெண்டு ஒரு வானிலை எதிர்வுகூறல் செய்யேலுமா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

சோளகக்காத்து

தம்பி, மழையைப் பிறகு பாப்பம். முதல் காத்தைக் கேளுங்கோ.

படகை மழை மறிக்கிறேல்ல, காத்துத்தான் மறிக்கும். எங்கட கடல் ஆழமில்லாத கடல். ஆழக்கடலில எழும்புற அலை நீளமா, ஆறுதலா வரும், வள்ளம் ஏறி இறங்கிப் போயிடும். பாக்குநீரிணைப் பக்கம் அப்பிடியில்லை. காத்துக் கொஞ்சம் கூடினாலே குட்டையா, செங்குத்தா, ஒண்டுக்குப் பின்னால ஒண்டு அடுக்கடுக்கா வரும். ரெண்டு அலைக்கு நடுவில வள்ளம் நிமிர நேரமில்லை. அதனாலதான் வெளியாக்களுக்குச் சின்னக் காத்தாத் தெரியிறது எங்களுக்குப் பெரிய காத்து.

சோளகம் விழுந்தாப் பிறகு சில நாள் கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்கும். காத்துத் திசை தெரியாது, புழுக்கம் தாங்கேலாது, பின்னேரத்தில வன்னிப் பக்கம் மின்னும். அதுக்குப் பிறகு கொண்டல், கிழக்குக் காத்து, எட்டிப் பாக்கும். கொண்டல் நிலைச்சு நிண்டாத்தான் மாரி துவங்கினது எண்டு நான் எடுப்பன். அதுக்கு முந்தி விழுகிற மழை இடிமழை, ஒரு வீட்டுக்கு விழும், அடுத்த வீட்டுக்கு விழாது. வாடை இறுகினால் பிறகு தை மட்டும் அக்கரையில குறிகட்டுவான் துறைக்குப் போறவை காலமை காத்தைப் பாத்திட்டுத்தான் வெளிக்கிட வேணும்.

ஓய்வுநிலை_புவியியல்

கல்வேலி கேட்ட கேள்வி மிக முக்கியமானது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1250 மில்லிமீற்றர் அளவில் மழை கிடைக்கிறது. தொகையைப் பார்த்தால் குறைவென்று சொல்ல முடியாது. ஆனால் அதில் பெரும் பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது அதன் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவு வாங்கிக்கொள்கிறது. மலையைத் தாண்டி எங்களிடம் வருவது வரண்ட காற்று. ஈரம் மிச்சமிருந்தாலும் அதை மேலே தூக்கிக் குளிரவைக்க எங்களிடம் ஒரு குன்றுகூட இல்லை. ஆகவே ஒரு மாரி பிழைத்தால் அடுத்த மாரி வரை ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க வேண்டும். சித்திரையில் விழுகிற சிறுமழை அந்தக் குறையை நிரப்பாது.

இனி, பருவகால எதிர்வுகூறல் எப்படிச் சொல்லப்படுகிறது என்று பார்ப்போம். முப்பது ஆண்டு மழையைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை அடுக்கி, பத்துப் பத்தாக மூன்று பிரிவாக வெட்டுகிறார்கள். கீழ்ப் பத்து வரட்சிப் பக்கம், நடுப் பத்து இயல்பு, மேல் பத்து மழை கூடிய பக்கம். எதுவுமே தெரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் மூன்றிலொரு வாய்ப்பு. ஓர் ஆண்டில் மேல் பிரிவுக்கு 45 வீதம் என்று அறிவித்தால், மழை கூடும் பக்கம் தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள். மிச்சம் 55 வீதம் மற்ற இரண்டுக்கும் இருக்கிறது. செய்தித்தாள் இதை "இம்முறை அதிக மழை" என்று தலைப்பாக்கிவிடுகிறது. வாசித்தவர் கடன் வாங்கி விதைக்கிறார்.

தராசைச் சாய்ப்பவை எவை? ஒன்று, பசுபிக் கடலின் நடுப்பகுதி வழமையைவிடச் சூடாகும் எல் நினோ. அது இருக்கும் ஆண்டுகளில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்கள் பக்கம் மழை கூடும் போக்கு உண்டு, அதற்கு எதிரான லா நினாவில் குறையும் போக்கு. மற்றது இந்து சமுத்திரத்தின் இருமுனைப் போக்கு. மேற்குப் பகுதி சூடாகிக் கிழக்குப் பகுதி குளிர்ந்தால் எங்களுக்கு நல்லது, மறுபக்கம் திரும்பினால் கெட்டது. 2016 இல் அது பலமாக மறுபக்கம் திரும்பி நின்றது. அந்த மாரி பொய்த்து, 2017 இல் வடக்கும் கிழக்கும் கடும் வரட்சியில் வாடியதை இங்கே பலர் மறந்திருக்கமாட்டீர்கள். 2019 இல் அது எங்கள் பக்கம் மிகப் பலமாக இருந்தது.

இவையெல்லாம் பெரிய கடல்களின் கதை. நெடுந்தீவுக்கென்று தனியாக இவை எதுவும் சொல்லமாட்டா. அன்றாட எதிர்வுகூறலிலும் அதே சிக்கல்தான். கைபேசியில் நீங்கள் பார்க்கும் ஐரோப்பியக் கணினி மாதிரி பூமியை ஏறத்தாழ 9 கிலோமீற்றர்ப் பெட்டிகளாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. அமெரிக்க மாதிரியின் பெட்டி அதைவிடப் பெரியது. ஒரு பெட்டி 80 சதுர கிலோமீற்றர், நெடுந்தீவோ 50. முழுத் தீவும் ஒரு பெட்டிக்குள் அடங்கி, பக்கத்துக் கடலுக்கும் இடம் மிச்சமிருக்கும். அந்தப் பெட்டியின் விடை தரையும் கடலும் கலந்தது. பகலில் உங்கள் கல்வேலி எவ்வளவு சுடுகிறது என்று அதற்குத் தெரியாது.

கல்வேலி

நன்றி ஐயா. அப்பிடியெண்டால் பருவகால எதிர்வுகூறலைப் பாத்து நாங்கள் ஒண்டும் செய்யேலாதா?

ஓய்வுநிலை_புவியியல்

செய்யலாம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நட்டம் வராத வேலைக்கு அதைப் பயன்படுத்துங்கள். வரட்சிப் பக்கம் சாய்ந்தால் தாங்கியைத் திருத்துவது, மாட்டுக்கு வைக்கோல் கூடச் சேர்ப்பது. மழைப் பக்கம் சாய்ந்தால் வடிகாலைத் துப்புரவாக்குவது. முழுக் காணியையும் ஒரே நாளில் விதைப்பதற்கு மட்டும் அதை நம்ப வேண்டாம்.

வடலிக்காணி

வாத்தியார் சொன்ன மொத்த மழைக் கணக்கோட எனக்கு ஒரு வழக்கு இருக்கு. நெல்லுக்கு மொத்தம் முக்கியமில்லை, இடைவெளிதான் முக்கியம்.

நாங்கள் புழுதியில விதைக்கிற ஆக்கள். மழைக்கு முந்தியே உழுது, காஞ்ச மண்ணில விதையைப் போட்டு மூடிவிடுறது. முதல் மழை நல்லா நனைச்சால் முளைக்கும். பிறகு பத்துப் பன்ரெண்டு நாள் வெயில் எறிச்சால் முளைச்சது எல்லாம் கருகும். மாரி முடிஞ்சு கணக்குப் பாக்கிறவைக்கு "இயல்பான மழை" எண்டுதான் வரும். ஐப்பசியில ஒரு பாட்டம், கார்த்திகையில தாழமுக்கம் வந்து மூண்டு நாள் கொட்டு, சரியாப் போச்சு கணக்கு. நடுவில காணியில நிண்டது வெறும் தாள். மறு விதைப்புக்கு விதைநெல்லும் கையில இல்லை.

எங்கட அப்பாவின்ர காலத்தில மொட்டைக்கறுப்பன் நெல் போட்டவை. நாள் கூட எடுக்கும், ஆனால் இடையில காயிறதைத் தாங்கும், வெள்ளம் நிண்டாலும் நிமிரும். இப்ப மூண்டரை மாதத்து நெல்லைப் போட்டால் ஒரு பத்து நாள் காய்ச்சலே பயிரின்ர வயசில பத்திலொரு பங்கு. எனக்கு வேண்டிய எதிர்வுகூறல் "அடுத்த ரெண்டு கிழமையில மழை விட்டுப்போகுமா?" எண்டதுதான். மூண்டு மாதக் கதை பிறகு.

ஓய்வுநிலை_புவியியல்

வடலிக்காணி சொல்வதை முழுதாக ஏற்கிறேன். உங்கள் கேள்விக்குத்தான் அறிவியலில் இப்போது கொஞ்சம் வெளிச்சம் உண்டு. முப்பது முதல் அறுபது நாளுக்கு ஒரு சுற்றாக மேகக் கூட்டம் ஒன்று இந்து சமுத்திரத்திலிருந்து கிழக்கு நோக்கி நகர்கிறது. அது எங்கள் கடலின் மேல் இருக்கும் கிழமைகளில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் வாய்ப்புக் கூடும். பசுபிக்குக்குப் போய்விட்டால் மழையில் இடைவெளி விழும் வாய்ப்புக் கூடும். இரண்டு கிழமைக்கு முன்னரே இதன் போக்கை ஓரளவு சொல்ல முடிகிறது. முளைப்பு மழை விழுந்த பின் மறு விதைப்புக்கு நெல் ஒதுக்குவதா வேண்டாமா என்ற முடிவுக்கு அது உதவும்.

பெண்ட்_ஒறிகன்

எல்லாருக்கும் வணக்கம். நான் புங்குடுதீவு, இப்ப இருக்கிறது அமெரிக்காவில ஒறிகன் மாநிலத்தின்ர நடுப் பக்கம், பெண்ட் எண்ட ஊரில. 1,100 மீற்றர் உயரத்தில இருக்கிற வரண்ட மேட்டுநிலம். பசுபிக் ஈரத்தைக் கஸ்கேட் மலைத்தொடர் மறிச்சுப்போடும். மலைக்கு அங்கால காடு, இங்கால புதர். வருசத்துக்கு 300 மில்லிமீற்றர் கூட வாறேல்ல, அதிலயும் ஒரு பங்கு பனியா விழும். ஆனி மாதத்திலயும் இரவில உறைபனி விழுந்து தக்காளிக் கண்டைக் கருக்கும். வாத்தியார் சொன்ன மலைக் கதையை வாசிக்கேக்க எங்கட ரெண்டு ஊருக்கும் ஒரே வியாதி எண்டு விளங்கிச்சுது.

ரெண்டு விசயம் சொல்லவேணும்.

இஞ்ச தேசிய வானிலைச் சேவையின்ர பெண்டில்ரன் அலுவலகம்தான் எங்கட பகுதிக்குப் பொறுப்பு. அவையின்ர இணையத்தளத்தில வரைபடத்தில ஒரு புள்ளியை அமத்தினால் அந்த இடத்துக்கெண்டு எதிர்வுகூறல் வரும், பெட்டி 2.5 கிலோமீற்றர். மாதிரி தாற விடையை அப்பிடியே போடுறேல்ல. பள்ளத்தில இரவில குளிர் தங்கும், மேட்டில தங்காது எண்டு ஊர் தெரிஞ்ச ஆக்கள் பாத்துத் திருத்துவினம்.

அப்பிடித் திருத்த அவைக்கு அளவுகள் வேணும். அதில ஒரு பங்கைக் குடுக்கிறது சாதாரண சனம். 1997 ஆடியில கொலராடோவில ஃபோர்ட் கொலின்ஸ் எண்ட நகரத்தின்ர மேற்குப் பக்கம் பேய்மழை கொட்டி ஆக்கள் செத்துப்போச்சினம். அதே நகரத்தின்ர கிழக்குப் பக்கம் அந்த அளவுக்கு மழையில்லை. அதுக்குப் பிறகு, 1998 இல, அங்கத்தைப் பல்கலைக்கழகத்தில துவங்கினதுதான் கோக்கோராஸ் எண்ட தொண்டர் அமைப்பு. ஒவ்வொரு வீட்டு வளவிலயும் நாலு அங்குல வாயுள்ள பிளாஸ்ரிக் மழைமானி. தினமும் காலமை ஏழு மணிக்குப் பாத்து அனுப்புறது. என்ர வளவிலயும் ஒண்டு நிக்குது. பக்கத்துத் தெருவுக்கும் எங்களுக்கும் ஒரே நாளில எவ்வளவு வித்தியாசம் எண்டு பாத்தால்தான் நம்புவியள்.

நெடுந்தீவில இப்பிடி நாலைஞ்சு வீட்டில வைக்கேலாதா?

கிணத்தடி

அண்ணை, நல்ல எண்ணம்தான். ஆனால் அளந்து எழுதினால் தண்ணி வருமோ? உங்களுக்கு மலையில பனி நிண்டு கோடையில உருகி ஆறாவது ஓடும். எங்களுக்கு ஆறுமில்லை, மலையுமில்லை. விழுகிறதைப் பிடிச்சு வைக்க வேணும், அதுக்குத் தாங்கி வேணும், குளம் தூர்வார வேணும். காசு இருந்தால் முதல் அதுக்குப் போடுங்கோ. மழைமானி பிறகு வரட்டும்.

கல்வேலி

கிணத்தடி, தாங்கி கட்டவும் கணக்கு வேணுமே. ஒரு சதுர மீற்றர்க் கூரையில ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். எங்கட வீட்டுக் கூரை 80 சதுர மீற்றர். 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,000 லீற்றர். பீலியில சிந்துறது, ஓட்டில ஊறுறது எண்டு ஐஞ்சிலொண்டு கழிச்சால் 1,600. அப்ப 1,000 லீற்றர்த் தாங்கி ஒரு நல்ல மழையிலேயே வழிஞ்சுபோகும். இப்பிடி ஒரு மாரியில எத்தினை மழை நெடுந்தீவுக்கு விழுகுது? பத்தா, முப்பதா? திருநெல்வேலிக் கணக்கு இருக்கு. எங்கட கணக்கைக் கேட்டால் ஒருத்தராலயும் சொல்லேலாது. அது தெரியாமல் 5,000 லீற்றர்த் தாங்கிக்குக் காசு சேக்கிறதா, 10,000 லீற்றருக்கா?

இன்னொரு விசயம். சோளக மாதங்களில கடல் உப்பு முழுக்கக் கூரையில படிஞ்சு கிடக்கும். விரலால தடவி நாக்கில வைச்சால் கரிக்கும். முதல் மழைத் தண்ணியைத் தாங்கிக்கு விட்டால் அந்த மாரி முழுக்கத் தேத்தண்ணி உப்பு. முதல் பாட்டத்தைக் கழிச்சு விட வேணும். எண்டால், அதுக்குப் பிறகு உடன ரெண்டாம் பாட்டம் வருமா எண்டு தெரிஞ்சாத்தானே மனம் துணிஞ்சு கழிச்சு விடலாம்? தண்ணியில்லாத வீட்டில முதல் மழையை நிலத்தில ஓட விடுறது லேசான காரியமில்லை.

ஓய்வுநிலை_புவியியல்

கல்வேலியின் கணக்கோடு கிணற்றுக் கணக்கையும் சேர்க்க வேண்டும். சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் இறங்கிக் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. உப்புநீர் பாரம் கூடியது, நன்னீர் பாரம் குறைந்தது. இரண்டுக்கும் உள்ள பார வித்தியாசத்தின்படி, கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே நாற்பது மீற்றர் வரை நன்னீர் இருக்கும். இதையே மறுபக்கமாகப் பாருங்கள். இயந்திரம் வைத்து இறைத்து நீர்மட்டத்தைப் பத்துச் சென்ரிமீற்றர் நிலையாகக் குறைத்தால், கீழேயிருக்கும் உப்பு காலப்போக்கில் நான்கு மீற்றர் மேலேறும். வலிகாமத்தில் சுண்ணக்கல் ஆழமும் பரப்பும் கூடியதால் பொறுக்கிறது. அங்கும் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. தீவில் அந்த நன்னீர்ப் படை மிக மெல்லியது. சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளைத் தீவே நீண்ட காலம் நம்பிவந்தது அதனால்தான்.

மாரியில் மெதுவாகப் பல நாள் விழுகிற மழை இந்தப் படையை நிரப்பும். மூன்று நாளில் கொட்டுகிற மழை தாழ்வான தரையால் ஓடிக் கடலில் விழும். ஆகவே கிணற்றுக்கும் வடலிக்காணி சொன்ன அதே விடைதான். எத்தனை மில்லிமீற்றர் என்பதோடு எத்தனை நாளில் என்பதையும் கேட்க வேண்டும்.

குறிகட்டுவான்_பயணி

இதை எல்லாம் வாசிச்சுக்கொண்டு வந்தன். என்ர பங்குக்கும் ஒண்டு சொல்லுறன்.

அம்மாவுக்கு மாதாமாதம் யாழ்ப்பாணத்தில கிளினிக். போன கார்த்திகையில காலமை படகு ஓடுது எண்டு சொல்லிச்சினம், போனம். பின்னேரம் திரும்ப வர குறிகட்டுவானில நிக்கேக்க இனி ஓடாது எண்டிட்டினம். ஒரு கதிரை இல்லை, அம்மா சீமெந்துக் கட்டில இருந்தா. பிறகு தெரிஞ்ச ஒரு வீட்டில இரவு தங்கினம். காத்துக் கூடும் எண்டு முதல் நாளே ஒருத்தர் சொல்லியிருந்தால் நாங்கள் யாழ்ப்பாணத்திலயே நிண்டிருப்பம்.

கடற்தொழில் ஆக்களுக்கு எச்சரிக்கை வருது, வானொலியிலயும் வாசிக்கினம். "மணிக்கு 50 தொடக்கம் 60 கிலோமீற்றர் காற்று" எண்டு வரும். அது ஆழ்கடலுக்கா, எங்கட ஒரு மணித்தியாலக் கடலுக்கா எண்டு என்னை மாதிரி ஆக்களுக்கு எப்பிடித் தெரியும்? குமுதினிப் படகும் வடதாரகைப் படகும் எந்தக் காத்தில ஓடும், எந்தக் காத்தில ஓடாது எண்டு ஒரு வரி சேத்துச் சொன்னால் போதும். கர்ப்பிணிப் பிள்ளையள், டயலிசிஸ் செய்யிற ஆக்கள் எல்லாம் இந்தக் கடலைக் கடந்துதான் போகினம்.

சோளகக்காத்து

தங்கச்சி, நீங்கள் சொன்னது நூத்துக்கு நூறு. அதுக்கு நான் ஒரு வேலை செய்யிறன். ஒவ்வொரு நாளும் காலமை என்ன திசைக் காத்து, என்ன அளவு அலை, படகு ஓடினதா இல்லையா எண்டு கொப்பியில எழுதுறன். ஒரு மாரி முழுக்க எழுதினால் அறிவிப்பில என்ன வேகம் சொல்லேக்க எங்கட கடல் எப்பிடி இருக்கு எண்டு ஒப்பிட்டுப் பாக்கலாம். வாடைக்கும் கொண்டலுக்கும் ஒரே வேகத்தில வேற வேற கடல். அதையும் பிரிச்சு எழுதுவன்.

வளாக_மாணவன்

நான் யாழ் வளாகத்தில படிக்கிறன். எதிர்வுகூறலைப் பொறுத்தவரை எங்கட புவியியல் துறை நாகமுத்து பிரதீபராஜா சேர் முகநூலில எழுதிறதைப் பலர் வாசிப்பியள். அவர் மாகாணத்துக்கு எழுதிறார். தீவுக்கு நாங்களே சேத்துப் பாக்கக்கூடியது ஒண்டு இருக்கு: காரைக்கால் ரேடார்.

இந்திய வானிலைத் துறையின்ர ரேடார் காரைக்காலில நிக்குது. நெடுந்தீவு அங்கயிருந்து 150 கிலோமீற்றர் சொச்சம். மழைக் கூட்டம் எங்க நிக்குது, எந்தப் பக்கம் நகருது எண்டு அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலத்துக்கு முன்னமே தெரியும். வலை விரிக்கிற ஆளுக்கும் ஒடியல் காயப்போட்ட ஆளுக்கும் அது போதும். ஆனால் ஒரு குறை இருக்கு. பூமி வளைவு. ரேடார்க் கதிர் இவ்வளவு தூரம் வரேக்க எங்கட தலைக்கு மேல ரெண்டு கிலோமீற்றருக்கும் கூட உயரத்திலதான் போகும். அதுக்குக் கீழ விழுகிற தூத்தல் தெரியாது. மேல நிறம் காட்டிக் கீழ விழாமல் காஞ்சுபோறதும் உண்டு. அதைச் சரிபாக்க நிலத்தில ஒரு மழைமானி வேணும். பெண்ட் அண்ணை சொன்னது சரி.

தாழமுக்கம் வரேக்க இன்னொண்டைக் கவனியுங்கோ. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில கரை தட்டினது. "கரை கடந்திட்டுது" எண்டு கேட்ட உடன சனம் ஆறுதலாச்சுது. பிறகு அது மன்னார் வளைகுடாவில போய் அசையாமல் நிண்டுது, யாழ்ப்பாணத்தில வெள்ளம் வந்தது அந்த நாளுகளிலதான். புயல் கரை கடந்த நேரத்தை மட்டும் பாத்து படகில ஏறாதேங்கோ. மையம் எங்க போய் நிக்குது எண்டு பாத்து முடிவெடுங்கோ.

கிணத்தடி

கல்வேலியின்ர தாங்கிக் கணக்கை வாசிச்சாப் பிறகு நானும் மழைமானிக்கு ஓம். ஆனால் குளம் துப்புரவாக்கிறதை ஐப்பசிக்கு முந்தி முடிக்க வேணும். ரெண்டையும் ஒரே நாளில ஊராக்களைக் கூப்பிட்டுச் செய்வம். மண்வெட்டி கொண்டு வாறவைக்கு மழைமானி எப்பிடிப் பாக்கிறது எண்டும் காட்டலாம்.

கல்வேலி

சரி. கிழக்கில ஒண்டு, நடுவில ஒண்டு, மேற்கில ஒண்டு, தெற்கு மணல் பக்கம் ஒண்டு. நாலு வீடு கதைச்சு வைச்சிருக்கிறன். ஐயா, எங்க வைக்கிறது, எப்பிடிப் பாக்கிறது எண்டு சொல்லுங்கோ. எங்கட வளவில பனை நிறைய.

ஓய்வுநிலை_புவியியல்

பனைக்குக் கீழே கூடாது. பனையோ வீடோ மானியின் வாயைவிட எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். பனை பத்து மீற்றரென்றால் இருபது மீற்றர். அதற்காக முழு வெளியில், கடற்கரை ஓரமாக வைக்கவும் வேண்டாம். பலமான காற்றில் துளி மானியின் வாய்க்குள் விழாமல் மேலால் பறந்துவிடும், அளவு குறைந்து காட்டும். உங்கள் ஊரின் தாழ்ந்த கல்வேலி இதற்கு நல்லது. நான்கு பக்கமும் கல்வேலி போட்ட வளவின் நடுப்பகுதி மிகப் பொருத்தம்.

நேரம் காலை 8.30. வளிமண்டலவியல் திணைக்களமும் 8.30 இலிருந்து 8.30 வரைதான் ஒரு நாளாகக் கணக்கெடுக்கிறது. வேறு நேரத்தில் பார்த்தால் திருநெல்வேலியோடு ஒப்பிட முடியாது. மழையில்லாத நாளில் 0 என்று எழுதுங்கள். பார்க்க மறந்த நாளைக் கோடு போட்டு விடுங்கள், 0 போட வேண்டாம். இரண்டும் ஒன்றாகிவிட்டால் வடலிக்காணி கேட்ட இடைவெளிக் கணக்கைப் பிறகு யாராலும் எடுக்க முடியாது. மறந்த இரண்டு நாள் மழை சேர்ந்து நின்றால் "இரண்டு நாளுக்கு" என்று குறித்துவிட்டு ஊற்றுங்கள்.

வெயில் நாளில் மானிக்குள் எறும்பும் பனம்பூவும் விழும். கிழமைக்கொருமுறை கழுவுங்கள்.

வளாக_மாணவன்

நாலு வீட்டுக் கணக்கையும் எனக்கு வட்ஸ்அப்பில அனுப்புங்கோ. திருநெல்வேலி அளவுக்குப் பக்கத்தில போட்டு மாதக் கடைசியில இஞ்ச பதியிறன். ரேடார் படத்தையும் அந்தந்த நாளுக்குச் சேத்து வைக்கிறன். ரெண்டு மூண்டு மாரி சேந்தால் "மாவட்டத்துக்கு இவ்வளவு எண்டால் நெடுந்தீவுக்கு இவ்வளவு" எண்டு ஓரளவு சொல்லேலும். பிரதேச செயலகத்துக்கும் திணைக்களத்துக்கும் எழுத்தில குடுக்கிறதுக்கு அப்பதான் எங்களிட்ட ஆதாரம் இருக்கும்.

வடலிக்காணி

எனக்கும் ஒரு மானி வேணும், தென்மராட்சிப் பக்கம். விதைப்பை இந்த முறை மூண்டாப் பிரிச்சுப் போடுறன், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கிழமை இடைவெளி விட்டு. எந்தத் துண்டு தப்பினது எண்டு மழைக் கணக்கோட சேத்து எழுதிறன்.

பெண்ட்_ஒறிகன்

இஞ்சயிருந்து ஐஞ்சு மானி அனுப்புறன். தை மாதம் மட்டும் காத்திராமல், இந்த மாதக் கடைசியில ஊருக்கு வாற ஒருத்தரின்ர பொதியில வருது. அளவு அங்குலத்திலயும் மில்லிமீற்றரிலயும் இருக்கும், மில்லிமீற்றர்ப் பக்கத்தைப் பாருங்கோ.

குறிகட்டுவான்_பயணி

அவர் யாழ்ப்பாணத்துக்கு வந்தால் எனக்குச் சொல்லுங்கோ. அம்மாவின்ர கிளினிக் நாளில நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வாறன். சோளகக்காத்து அண்ணை, அண்டைக்குக் காத்து எப்பிடி எண்டு முதல் நாள் இரவே இதில போட்டுவிடுங்கோ.

சோளகக்காத்து

போடுறன் தங்கச்சி. ஏழு மணிக்கு முந்திப் பாருங்கோ.